பூச்சுக்குள் ஒரு பேஸ்

இலங்கையின் அரிப்புக் கடற்கரையில் பிரித்தானிய ஆளுநர் ஃபிரெடரிக் நோர்த் 1801-1804இல் கட்டிய மாளிகைக்குக் கிரேக்கப் பாணித் தூண்கள். பார்வைக்குச் சலவைக்கல், உள்ளே செங்கல், மேலே சிப்பிச் சுண்ணாம்பு. ஊர் அதை அல்லிராணி கோட்டை என்று அழைத்து ஆளுநரையே கழற்றிவிட்டது.

கிற்றாருக்கும் இப்போது அதே பூச்சு. பேஸ் கிற்றார்காரர் இல்லாத இசைக்குழு, சுரத்தை ஒரு ஸ்தாயி இறக்கும் ஒக்டேவ் பெடலை மிதிக்கும். 82 ஹேர்ட்ஸில் அதிரும் தடித்த கம்பி 41இல் உறுமும். 2003இல் ‘செவன் நேஷன் ஆர்மி’ பாட்டின் தொடக்கத்தைப் பலரும் பேஸ் என்றே நம்பினார்கள். அது ஜாக் வைட்டின் கிற்றார், வாமி என்ற பெடலின் உபயம்.

ஒற்றைச் சுரம்வரை மானம் தப்பும். கோர்ட் பிடித்தால் பழைய பெடல்கள், தண்ணீர் புகுந்த வள்ளத்து எஞ்சினாக இருமும்.

மாளிகையின் பூச்சு உதிர்ந்துவிட்டது. மிச்சத்தைக் கடல் அரிக்கிறது. பேஸ்காரரின் பங்குப் பணமோ பெடலுக்குப் பற்றரி வாங்கப் போகிறது.