பேராசிரியரும் பதவியும்

கேள்வி: பொருளியல் பேராசிரியர் ஒருவர் உயர் பதவிக்கு வந்தால் எது மாறுகிறது?

பதில்: அறிவு மாறுவதில்லை, வாய்க்குத்தான் காவல் கூடுகிறது. சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியரான ரகுராம் ராஜன், பன்னாட்டு நாணய நிதியத்தில் பேரியல் பொருளாதாரத்தை, அதாவது நாடுகளின் மொத்த உற்பத்தி, விலைவாசி, வேலைவாய்ப்பு ஆகியவற்றை ஆராயும் துறையை, கவனித்துவந்த 2005இல் நிதிச் சந்தைகளின் ஆபத்தைச் சுட்டியபோது ஏளனமே மிஞ்சியது. 2008 நெருக்கடி அவருக்குச் சான்றிதழ் வழங்கியது. ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்துகொண்டு, 2016 ஏப்ரலில் இந்திய வளர்ச்சியைக் குருடர் நாட்டு ஒற்றைக்கண் அரசனோடு அவர் ஒப்பிட்டபோது அமைச்சர்கள் முகம் சுளித்தனர். அம்மாதம் 20ஆம் தேதி, புனேயில் தேசிய வங்கி மேலாண்மை நிறுவனப் பட்டமளிப்பு விழாவில், பார்வையற்றோர் மனம் புண்பட்டதற்கு மன்னிப்புக் கோரிய அவர், சராசரிச் சீனர் சராசரி இந்தியரைவிட நான்கு மடங்குக்கும் மேல் செல்வர் என்ற கணக்கையும் அதே மேடையில் படித்துவிட்டே இறங்கினார். செப்டம்பரில் பதவிக்காலம் முடிந்து, சிகாகோ வகுப்பறைக்கே திரும்பினார்.