மன்னார்த் தீவில் பயோஸ் மீட்சி பொய்த்தல்: வானரக் கோட்பாடு குறித்த முன்னாய்வு

லப்டொப்பின் பயோஸை மீட்க முயன்று தோற்பது ஏன் என்பதில் மன்னார் அறிஞரிடையே மூன்று பள்ளிகள் உண்டு: மின்வெட்டுப் பள்ளி, உப்புக்காற்றுப் பள்ளி, நாவூற்றுப் பள்ளி. மூன்றாவதன் ஆய்வுக்கருவி செத்தல் மிளகாய். அதை இதுவரை எவரும் மறுத்து நிறுவவில்லை. நாமும் வம்புக்குப் போகவில்லை.

நோய்க்குறி எளிது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், திரை இருட்டு, கேப்ஸ் லொக் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மினுங்கும். பயோஸ் குடியிருப்பது எட்டுக் கால் கொண்ட ஒரு சிறு சிப்பில். பல லப்டொப்புகளில் அதன் கொள்ளளவு 16 மெகாபைட். புதியதை எழுதுமுன் பழையதை அழித்தாக வேண்டும். அழித்தாயிற்று, எழுதி முடியவில்லை என்ற அந்த நேரத்தில், பற்றரியும் செத்துக் கிடக்க, கரண்ட் போனால் கதை முடிந்தது.

இங்கேதான் மின்வெட்டுப் பள்ளியார் எழுந்து நிற்பர். அவர்களது தலையாய சான்று 9.2.2025. அந்த ஞாயிறு முற்பகல், பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் நாடே இருண்டது என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். தலைமன்னாருக்கு அப்பாலுள்ள மணல்திட்டுகளை அணையாகக் கட்டியவர்கள் வானரர் என்பது இராமாயணத் தரப்பு. கடலில் இணைத்த குலமே கம்பியில் துண்டித்தது எனக் கொள்க. இன்னும் கூர்ந்து நோக்கின், அனுமன் வாயுவின் மைந்தன். தீவின் தென்கரையிலோ தம்பபவனி என்ற பெயரில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். தேசிய மின்கட்டமைப்பு விழுந்தால் அவையும் ஒதுங்கிவிடும், கச்சான் எவ்வளவு வீசினாலும். தகப்பன் தந்ததை மகன் குலத்தார் தடுத்த இவ்வழக்கு தனி ஆய்வுக்குரியது.

கோட்பாடு அழகானது, ஆனால் கரண்ட் ஒரு நொடியும் போகாத நாள்களிலும் மீட்சி பொய்க்கிறது. மீட்புக் கோப்பைச் சுமக்கும் பென்ட்ரைவின் முனையை உப்புக்காற்று அரித்துவிட்டது என்பர் இரண்டாம் பள்ளியார். அதுவும் உண்டுதான். ஆனாலும் குற்றவாளி பெரும்பாலும் கோப்பின் பெயர். எச்.பி. என்றால் விண்டோஸ் விசையும் பி-யும், டெல் என்றால் கன்ட்ரோலும் எஸ்கேப்பும் அழுத்திப் பிடித்தபடி உயிர்ப்பிக்கலாம் (எல்லா மாதிரிகளிலும் அல்ல). ஆனால் பென்ட்ரைவிலுள்ள கோப்பு தான் எதிர்பார்க்கும் பெயரில் இல்லாவிட்டால் லப்டொப் திரும்பியும் பாராது. பேசாலையில் ஒருவரைப் பதிவுப் பெயர் சொல்லி விசாரித்தால் வீடு காட்டுவார்களா?

அதற்கும் மசியாவிட்டால், திருத்துகிற தம்பிமார் மூடியைக் கழற்றி, பற்றரியின் இணைப்பை எடுத்து, சிப்பின் முதுகில் கிளிப்பை மாட்டி, சி.எச்.341.ஏ என்ற மலிவுக் கருவியால் நேரே எழுதுவர். எழுதுமுன் இருமுறை வாசித்து இரண்டும் ஒன்றா என ஒப்பிடவேண்டும். வாசித்ததெல்லாம் எஃப்எஃப், எஃப்எஃப் என்றே வந்தால் சிப் வெறுமை என்று அலறக் கூடாது. கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை என்றே முதலில் ஐயுறுக. 1.8 வோல்ற் சிப்புக்கு 3.3 கொடுப்பவரோடு இக்கட்டுரைக்கு உறவில்லை.

பழையதைச் சேமிக்காமல், வவுனியாவில் யாரோ தந்த கோப்பை எழுதினாலும் லப்டொப் விழித்துக்கொள்ளும். ஆனால் தொடரிலக்கமும் விண்டோஸ் உரிமத் திறப்பும் பெரும்பாலும் அந்தச் சிப்பிலேயே குடியிருப்பவை. ஆகவே விழித்தது யாருடைய லப்டொப் என்பதைச் சட்டத்துறையார் ஆராய்வாராக.