கட்டத்துக்குள் அண்ணாச்சி

அச்சன்புதூர் டீக்கடையில் வாய்தவறிக்கூட யாரும் இஞ்சி டீ கேட்டுவிடக் கூடாது. கேட்டால் மூலை பெஞ்சிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடி நிமிரும்.

"இஞ்சியா? அதுக்குள்ள நிலத்தோட நடுவை வச்சுப் பாரும் வே. முருகன் தெரிவாரு."

ஊருக்குப் புதியவர் திருதிருவென்று டீ மாஸ்டரைப் பார்ப்பார். மாஸ்டர் தலையைக் குனிந்து கிளாஸ் கழுவுவார். அவருக்கு இது தினப்படி. விஷயம் இவ்வளவுதான்: 'நிலம்' என்ற சொல்லின் நடு எழுத்து 'ல'. அதை இஞ்சிக்குள் செருகினால் இலஞ்சி. அங்கே குடியிருப்பவர் இலஞ்சிக் குமாரர். நமக்கு இது இரண்டு வரி. அண்ணாச்சிக்கு, டீயில் ஆடை கட்டி, ஆடையில் ஈ உட்கார்ந்து, ஈயும் சலித்துப் பறந்துபோகும் வரைக்கும் நீளும்.

ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். சில ஊரில் தபாலாபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், சில ஊரில் பாங்கியில் இருந்தவர். நம்மவர் வருவாய்த் துறை. பட்டா, சிட்டா, அடங்கல் என்று காலமெல்லாம் அடுத்தவன் நிலத்தை அளந்த கை, ஓய்வு கிடைத்ததும் சும்மா கிடக்குமா? ஆங்கில 'இந்து'வின் பதினைந்துக்குப் பதினைந்து கட்டத்தில் இறங்கிவிட்டது. பேப்பரை எட்டாக மடித்து, கட்டமும் குறிப்பும் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வார். ஆட்சியே கவிழ்ந்தாலும் அது மடிப்புக்குள்ளேயே கவிழும். மற்ற மாதங்களில் பேனா. ஜூனில் சாரல் பிடித்துவிட்டால் பேப்பர் நமத்துப்போய்ப் பேனா முனை கிழித்துவிடும் என்பதால் பென்சிலுக்கு மாறிவிடுவார். காதில் பென்சில் ஏறியாகிவிட்டது என்றால் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று அர்த்தம்.

அவிழ்ப்பதோடு நின்றால் ஊருக்கு ஒரு சேதமும் இல்லை. அவிழ்த்த பிறகு அதைச் சொல்லியாக வேண்டும் என்பதுதான் வியாதி. ஆங்கிலக் குறிப்பை டீக்கடையில் சொல்ல முடியாது. ஆகவே தமிழில் சொந்தமாகச் சரக்கு போடுவார்.

"பட்டாவுக்குள்ள ரோஜா தலை நீட்டுது. பார்டர்ல பிச்சுப் போடலாம். நாலு எழுத்து."

பட்டா என்ற சொல் காதில் விழுந்ததும் இரண்டு பெஞ்சு தள்ளி இருந்தவர் மஞ்சள் பையோடு எழுந்து வந்துவிட்டார். வீட்டில் பாகப்பிரிவினைத் தகராறு.

"அண்ணாச்சி, அந்தப் பட்டா மாறுதல் விஷயமா..."

"இரும் வே. ரோஜாவுக்குத் தலை எது?"

"பூவா அண்ணாச்சி?"

"எழுத்து வே, எழுத்து!"

"ரோ."

"அதைப் பட்டாவுக்குள்ள நுழையும், பாப்போம்."

பைக்காரர் தீவிரமாக யோசித்தார். "உட்பிரிவு பண்ணாம நுழைக்க முடியாதே அண்ணாச்சி."

அண்ணாச்சிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அதேதான்! பட்டாவை உட்பிரிவு பண்ணு. ப ஒரு பக்கம், ட்டா ஒரு பக்கம். நடுவுல ரோ. பரோட்டா! செங்கோட்டை பார்டர்ல பிச்சுத்தானே போடுதான்?" பிறகு பாடம் ஆரம்பித்தது. குறிப்பில் பொருள் தருகிற பாதி எது, சொல்லை உடைத்துக் கட்டுகிற பாதி எது, இரண்டும் எந்த இடத்தில் ஒட்டுகின்றன, படிப்பவனை ரோஜாத் தோட்டத்துக்கு எப்படித் திசைதிருப்பியிருக்கிறது எல்லாம் வரிசையாக வந்தது. "நல்ல குறிப்புன்னா அதுல ஒரு சொல்கூட வீணா இருக்கப்படாது" என்பதை மட்டும் மூன்று தரம், மூன்று விதமாகச் சொன்னார். பைக்காரர் பட்டா மாறுதலைப் பற்றிக் கடைசிவரை கேட்கவே இல்லை. தென்காசி பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

விடையை நாமாகச் சொல்லிவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் அண்ணாச்சியை அறியாதவர்கள். "குத்தி, விஷத்தைக் கலந்தாலும் குளிக்கக் கூட்டம், அஞ்சு எழுத்து" என்று ஒருநாள் போட்டார். காலேஜ் பையன் ஒருவன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே "குற்றாலம்" என்றான். அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது. "எப்படி வந்துச்சு?" "குளிக்கன்னா அதுதானே பெரியப்பா." "அது விடை இல்லடே, யூகம்." குற்று என்றால் குத்து, ஆலம் என்றால் விஷம், இரண்டும் புணர்ந்தால் குற்றாலம் என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குத் தண்டனையாகக் குற்றியலுகரம் எப்படிக் கெடும் என்பதில் தொடங்கிப் புணர்ச்சி இலக்கணம் முழுவதையும் கேட்டுவிட்டுப் போனான்.

வெள்ளைக்காரன் பேச்சை எடுத்தால் அண்ணாச்சிக்கு வேகம் கூடும். 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் ஆர்தர் வின் முதல் கட்டத்தைப் போட்டார் என்பதை ஒப்புக்கொள்வார். கட்டம் மட்டும்தான் அவனுடையது, வித்தை நம்முடையது என்பார். இதில் நான் அவர் கட்சி. தண்டியலங்காரத்தின் சொல்லணியில் போய்ப் பாருங்கள். பல கேள்வி கேட்டு, அத்தனை விடைகளையும் சேர்த்தால் ஒரு சொல்லாக வருவது வினாவுத்தரம். ஒரு சொல்லில் எழுத்து எழுத்தாகக் கழித்து வேறு வேறு பொருள் காண்பது அக்கரச்சுதகம். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளித்து வைப்பது கரந்துறைச் செய்யுள். இன்றைய குறிப்புக்காரர்கள் பிழைப்பு நடத்துவது ஏறக்குறைய இந்த மூன்றை வைத்துத்தான். ஒரே வித்தியாசம், தண்டியாசிரியர் சூத்திரத்தை எழுதிவிட்டுப் போய்விட்டார். யாருடைய சட்டைக் கையையும் பிடித்து நிறுத்தவில்லை.

இங்கிலாந்துக்காரர்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவர்கள். 'அப்சர்வர்' பத்திரிகையில் 1926 முதல் மண்டையைக் குடையும் புதிர் போட்டவர் வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்கிமாடா, ஸ்பெயினில் மத விசாரணை என்ற பெயரில் மனிதரை வதைத்தவர் பெயர். அடுத்து வந்தவர் சிமெனிஸ், அவரும் ஒரு விசாரணைக்காரர். அதற்கடுத்தவர் டெசா என்ற விசாரணைக்காரரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப்போட்டு அசெட் ஆனார். நம் ஊரிலோ வதைப்பவருக்கு அண்ணாச்சி என்று மரியாதை.

நம் நாட்டுக் கதையில் அண்ணாச்சிக்குப் பிடித்தது கட்டாரி. 1958இல் கப்பற்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் ராம்தாஸ் கட்டாரி. ஓய்வுக்குப் பின் 1983இல் காலமாகும்வரை 'இந்து'வுக்குக் குறுக்கெழுத்து அமைத்தவர் அவர்தான். "கப்பலை ஓட்டினவரே கட்டத்துக்கு வந்துட்டாரு, நான் வந்தா என்ன?" என்பது வாதம். தமிழில் இந்தச் சூட்சுமப் புதிரை ஒழுங்காகப் போட்டுவந்தது கலிபோர்னியாவிலிருந்து வரும் 'தென்றல்' மாத இதழ். அமைத்தவர் பெயர் வாஞ்சிநாதன். பெயரைக் கேட்டதுமே, பக்கத்திலிருக்கும் செங்கோட்டையின் தியாகி வாஞ்சிநாதனை நினைத்து, அண்ணாச்சி அவரைச் சொந்தக்காரர் ஆக்கிக்கொண்டுவிட்டார்.

தானும் ஒரு முழுக் கட்டம் போட்டே தீருவேன் என்று ஆடியில் உட்கார்ந்தார், ஐப்பசி வரை எழுந்திருக்கவில்லை. தமிழில் புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம் வேண்டும். ஆனால் மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. இடமிருந்து வலம் 'குற்றாலம்' போட்டால், இரண்டாம் கட்டத்து 'ற்'றில் தொடங்கி ஒரு சொல்லைக் கீழே இறக்க முடியாது, கடைசிக் கட்டத்து 'ம்'மிலும் முடியாது. எங்கே திரும்பினாலும் தொல்காப்பியர் குறுக்கே நிற்கிறார். "ஆங்கிலத்துல போடுதவனுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது வே" என்று பென்சிலை வைத்தார். அவர் வாயடைத்திருந்த அந்த ஒரு வாரம் டீக்கடையில் இஞ்சி டீ விற்பனை சூடுபிடித்தது.

வீட்டில் அம்மாளிடம் இந்தப் பருப்பு வேகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையைக் கையில் கொடுத்து, "மீன் வாங்கிட்டு வாங்க. தலையும் வேண்டாம், வாலும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார். அண்ணாச்சி மார்க்கெட் வாசல் வரை போய், அங்கேயே நின்று யோசித்து, வெறும் பையோடு திரும்பிவிட்டார். காரணம் கேட்டால் விளக்கம் தயார். மீனில் எழுத்தே இரண்டு. தலை 'மீ', வால் 'ன்'. இரண்டும் வேண்டாம் என்றால் வாங்குவதற்கு மிச்சம் என்ன இருக்கிறது?

அம்மாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மத்தியானம் இலை போட்டு, கரண்டியை ரசத்தில் விட்டபடி கேட்டாராம்: "நடு எழுத்தை மட்டும் ஊத்தவா, இல்ல முழுசாவே ஊத்தவா?"