ஜீவ்ஸும் கடைசி பஸ்ஸும்

பி.ஜி. வுட்ஹவுஸ் தம் வாழ்நாளில் செய்த காரியங்களிலேயே மிகச் சமயோசிதமானது, 1975 பிப்ரவரி 14 அன்று காலமானது. அவர் மேல் எனக்குள்ள பக்தியை யாரும் சந்தேகிக்க வேண்டாம். முனை மடங்கிய, பூச்சி அரித்த பெங்குவின் பதிப்புகள் என் அலமாரியில் சுவாமி படத்துக்குச் சமமான உயரத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். மனிதருக்கு 93 வயது. அந்த ஜனவரியில்தான் இங்கிலாந்து ஒரு வழியாகக் கோபம் தணிந்து 'சர்' பட்டம் கொடுத்திருந்தது. இன்னும் இரண்டு மாதம் உயிரோடு இருந்திருந்தால், தம் கதைகளில் வரும் வேலைக்காரர் ஜீவ்ஸை லண்டன் மேடையில் பாட வைத்த செய்தி காதில் விழுந்திருக்கும். பெரியவர் முந்திக்கொண்டார்.

பாட வைத்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. இசை ஆண்ட்ரூ லாயிட் வெப்பர், வயது 27, 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' புகழ். வசனமும் பாடலும் ஆலன் எய்க்பர்ன். அன்றைக்கு இங்கிலாந்தில் சிரிக்க வேண்டுமென்றால் அவர் நாடகத்துக்குத்தான் டிக்கெட் வாங்குவார்கள். இருவரும் அமெரிக்காவில் லாங் ஐலண்டில் இருந்த வுட்ஹவுஸைப் போய்ப் பார்த்து, மெட்டுகளை வாசித்தும் காட்டினார்கள். பெரியவர் அன்பாகக் கேட்டுக்கொண்டார். அன்பாகக் கேட்டுக்கொள்வது அவர் சுபாவம். 1941-இல் ஜெர்மன்காரர்கள் மைக்கை நீட்டி ரேடியோவில் பேசச் சொன்னபோதும் சரி என்று சொல்லிவிட்டு, அதனால் வந்த இங்கிலாந்தின் கோபத்தில் ஆயுள் முழுக்க அவதிப்பட்டவர் அவர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இசை நாடகம் எழுதுவது எப்படி என்று உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தவர்களில் வுட்ஹவுஸே ஒருவர். நாவல்காரர் என்று மட்டும் அவரைத் தெரிந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் நியூயார்க்கில் கை போல்டன் கதை, ஜெரோம் கெர்ன் இசை, வுட்ஹவுஸ் பாடல் என்று ஒரு மும்மூர்த்திக் கூட்டணி. கொட்டகைக்குப் பெயர் பிரின்சஸ் தியேட்டர். மொத்தம் 299 நாற்காலி. கல்யாண மண்டபத்தில் இரண்டாவது பந்திக்கே அதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள். அந்தக் குருவிக் கூட்டில் 1917-இல் மேடையேறிய 'ஓ, பாய்!' பிறகு இடம் மாறி, மொத்தம் 463 ஆட்டம் கண்டது. மறுவருஷம் இன்னொரு நாடகத்துக்காக அவர் எழுதிய 'பில்' என்ற பாட்டை அப்போது வேண்டாமென்று வெட்டிவிட்டார்கள். 1927-இல் அதையே 'ஷோ போட்'டில் சேர்த்தபோது சபை உருகிப் போயிற்று. வெட்டினால் செத்துவிடாத பாட்டு எழுதத் தெரிந்தவர் என்று அர்த்தம்.

இப்படிப்பட்டவர் தம் நாவல்களைப் பற்றிச் சொன்னது ஒன்று உண்டு: அவை இசையில்லாத இசை நாடகங்களாம். எனக்குத் தெரிந்து எந்த எழுத்தாளரும் தம்மைப் பற்றி இத்தனை சுருக்கமாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டதில்லை. அதைக் கேட்டவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? சரி, இசையைக் கழித்துவிட்டுத்தான் மனிதர் இந்தப் பதத்துக்கு வந்திருக்கிறார், நாம் கை வைக்க வேண்டாம் என்று நகர்ந்திருக்க வேண்டும். லாயிட் வெப்பர் அதைக் காலி இடம் என்று படித்துவிட்டார். வெல்லம் போட்டு இறக்கிவைத்த பாயசத்தில் இன்னொரு கரண்டி சர்க்கரை.

புத்திசாலி ஒருவர் இருந்தார், நகர்ந்தார். முதலில் இதை எழுதுவதாக இருந்தவர் டிம் ரைஸ். கொஞ்ச தூரம் வந்து பார்த்துவிட்டு, இது நம்மால் ஆகாது என்று கழன்றுகொண்டார். அதற்குள் 1973-இல் ஒரு நாள் காரில் போகும்போது ரேடியோவில் அர்ஜென்டினாவின் ஈவா பெரோனைப் பற்றி ஏதோ நிகழ்ச்சி கேட்டிருக்கிறார். அந்த அம்மாளின் மேல் மனம் போய்விட்டது. அது பின்னால் வரும்.

ஜீவ்ஸின் எஜமான் பெர்ட்டி வூஸ்டரின் கதைகளில் ஏன் சிரிக்கிறோம்? நானும் பல வருஷம், ஜீவ்ஸ் புத்திசாலி, பெர்ட்டி முட்டாள், அதனால் சிரிக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. கதை சொல்வது பெர்ட்டி. முட்டாள் ஒருவன் தன் முட்டாள்தனத்தை இத்தனை அழகான இங்கிலீஷில் சொல்கிறானே என்பதில்தான் அத்தனை சிரிப்பும். அவன் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதைப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் படிக்கிறோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படிக்கிறோம். மேடையில் அது ஐந்து வினாடி: ஒருவர் சோபாவுக்குப் பின்னால் போய்க் குனிகிறார். நம் வீட்டுப் பையனும் அதைத்தான் செய்கிறான், அவனுக்கு யாரும் டிக்கெட் போடுவதில்லை.

ஜீவ்ஸ் பாடு இன்னும் மோசம். புத்தகத்தில் அவர் வருவதே தெரியாது, போவதும் தெரியாது. மிஞ்சினால் தொண்டையை லேசாகக் கனைப்பார். காரியம் முடிந்திருக்கும். அப்பேர்ப்பட்டவரை நடுமேடையில் நிறுத்திப் பாடச் சொல்வது, மௌனகுரு ஒருவரைப் பிடித்து மார்கழிக் கச்சேரிக்குத் தேதி வாங்குவது மாதிரி.

எடுத்துக்கொண்ட கதை பெரும்பாலும் 1938-இல் வந்த 'தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்'. பசு மாடு வடிவத்தில் ஒரு வெள்ளிப் பால் குவளை. அதைத் திருட நாலு பேர், தடுக்க மூன்று பேர், நடுவில் இரண்டு நிச்சயதார்த்தம் முறிந்து முறிந்து ஒட்டுகிறது. ஜிலேபி பிழிந்த மாதிரிக் கதை. எங்கே தொட்டாலும் இன்னொரு சுற்று கையோடு வரும். எய்க்பர்ன் எந்தச் சுற்றையும் விட மனமில்லாமல் எல்லாவற்றையும் சேர்த்தார். அவர் பங்குக்கு லாயிட் வெப்பர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பாட்டு.

பெர்ட்டியாக டேவிட் ஹெம்மிங்ஸ். 'புளோ-அப்' படத்தில் கேமராவோடு அலைந்தவர். சினிமா நடிகரைப் பாட வைத்தார்கள் என்று முகம் சுளிக்க வேண்டாம். சின்னப் பையனாக இருந்தபோது பெஞ்சமின் பிரிட்டனின் ஓபராவிலேயே பாடியவர் அவர். ஜீவ்ஸாக மைக்கேல் ஆல்ட்ரிட்ஜ். டைரக்டர் எரிக் தாம்ஸன். இவர் பிரெஞ்சுக் குழந்தைகள் பொம்மைப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, மூலக் கதையைச் சட்டை செய்யாமல், படத்தைப் பார்த்துத் தாமே ஒரு கதை சொல்லி இங்கிலாந்துக் குழந்தைகளை மயக்கியவர். அதே துணிச்சலை இங்கேயும் காட்டியிருந்தால் நாடகம் ஒருவேளை பிழைத்திருக்கும்.

வெள்ளோட்டம் பிரிஸ்டல் ஹிப்போட்ரோமில், 1975 மார்ச்சில். ஏறக்குறைய 2,000 பேர் கொள்ளும் கொட்டகை. 299 பேருக்கு நடுவில் கண்சிமிட்டிச் சொன்னால் எடுபடும் சங்கதியை, யானைக் கொட்டடியில் வைத்துச் சொல்லப் போனார்கள்.

முதல் ராத்திரி நாடகம் ஓடிய நேரம் நாலே முக்கால் மணி.

இதைப் படித்துவிட்டு, 'இவ்வளவுதானா? எங்கள் ஊரில் வள்ளி திருமணம் போட்டால் முருகன் தலை காட்டவே ராத்திரி ஒரு மணி ஆகும்' என்று நீங்கள் சொல்லலாம். நியாயம். ஆனால் நம் ஊர்க்காரர் பாயோடும் தலையணையோடும் வருகிறார். நடுவில் தூங்கி எழுந்து, வறுத்த கடலை வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்கிறார். பிரிஸ்டல்காரர் கோட்டு மாட்டிக்கொண்டு, வீட்டில் குழந்தைக்குக் காவலாக ஆள் வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸைக் கணக்குப் பண்ணி வந்தவர். ஏழரைக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டே கால். அவருக்கு மாட்டுக் குவளை யாரிடம் இருக்கிறது என்பதில் பதினோரு மணி வரை அக்கறை இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு பஸ் எங்கே இருக்கிறது என்பதில்தான் இருந்திருக்கும். ரசிகர்களின் மனநிலையை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக ஆராய்கிறார்கள். எனக்கென்னவோ பஸ் நேர அட்டவணை போதும் என்று தோன்றுகிறது.

உடனே கத்திரிக்கோலை எடுத்தார்கள். பாட்டு போயிற்று, காட்சி போயிற்று. கடைசியில் அத்தையே போய்விட்டார். பெட்டி மார்ஸ்டன் என்ற நடிகை டாலியா அத்தையாக நடித்தார். லண்டனுக்கு வருமுன் அந்த வேஷத்தையே அடியோடு வெட்டிவிட்டார்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்த வேண்டும். வெள்ளைக்காரனுக்கு அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லாரும் ஒரே 'ஆன்ட்டி'. நமக்கு அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. டாலியா பெர்ட்டியின் அப்பாவோடு கூடப் பிறந்தவள், ஆகவே அத்தை. அவள் பெண் ஏஞ்சலா முறைப்பெண். கதை கும்பகோணத்தில் நடந்திருந்தால் முதல் அத்தியாயத்திலேயே பெர்ட்டிக்குத் தாலியை எடுத்துக் கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள், மாட்டுக் குவளை சீர்வரிசையில் வந்திருக்கும். அத்தைகளின் மேலுள்ள பயம்தான் பெர்ட்டியின் வாழ்க்கை. அத்தையில்லாத பெர்ட்டி கதை, சூர்ப்பணகை வராத ராமாயணம். காட்டில் மூன்று பேர் பதினாலு வருஷம் நிம்மதியாகப் பழம் தின்றுவிட்டு ஊர் திரும்புவார்கள்.

அத்தைக்கு அடுத்து டைரக்டர். லண்டன் அரங்கேற்றத்துக்குச் சில நாள் இருக்கும்போது எரிக் தாம்ஸனை அனுப்பிவிட்டு, எழுதிய எய்க்பர்னே பிரம்பைக் கையில் எடுத்தார். கப்பல் மூழ்கும்போது ஓட்டையைப் போட்டவரிடமே சுக்கானைக் கொடுத்தது போல என்று யாராவது சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஏப்ரல் 22. ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டர். வந்தவர்களில் இரண்டு கட்சி இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஒன்று, வுட்ஹவுஸ் பக்தர்கள். இவர்கள் சாதுவானவர்கள், ஆனால் ஆபத்தானவர்கள். ஒவ்வொரு வரியும் மனப்பாடம். மேடையில் ஒரு வார்த்தை மாறினால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சரியான பாடத்தை முணுமுணுப்பார்கள். இன்னொன்று, 'சூப்பர்ஸ்டார்' கேட்டுவிட்டு, கிடாரும் அலறலும் எதிர்பார்த்து வந்த இளவட்டம். அவர்களுக்குக் கிடைத்தது பாஞ்சோவோடு வந்த ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை. பக்தர்களுக்குப் பாட்டு அதிகம், இளவட்டத்துக்குப் பாட்டு பழசு. பத்திரிகைக்காரர்கள் மறுநாள் ஒருவர் பாக்கியில்லாமல் கிழித்தார்கள். மே 24-ஆம் தேதி திரை இறங்கியது. மொத்தம் 38 ஆட்டம். அந்த நாளில் லாயிட் வெப்பர் தொட்டது எல்லாம் தங்கம் என்று பேச்சு. இது ஒன்றுதான் பித்தளை.

பார்க்க வந்தவர்களில் ஹால் பிரின்ஸ் என்ற அமெரிக்க டைரக்டரும் ஒருவர். கண்ணுக்குப் பிடிக்காத நாடகத்தில் பாட்டு காதில் ஏறாது என்ற பொருள்படப் பின்னால் லாயிட் வெப்பரிடம் சொன்னார். மெட்டைக் குறை சொல்லாமல் மேடையைக் குறை சொன்னார், கவனியுங்கள். இசைக்காரரிடம் வேலை கேட்கத் தெரிந்தவர்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். எய்க்பர்னுக்குத்தான் உறுத்தல். இருபது வருஷத்துக்கு மேல் ஆகி, யார்க்‌ஷயர் கடற்கரை ஊரான ஸ்கார்பரோவில் பழைய ஓடியன் சினிமாக் கொட்டகை ஒன்றை அவருடைய குழுவுக்கு நாடக அரங்காக மாற்றினார்கள். சுற்றிவர நாற்காலி, சுமார் 400 பேர். 1996 மே 1 அன்று புது அரங்கின் திறப்பு விழாவுக்கு எந்த நாடகம்? அதே ஜீவ்ஸ். புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் நாளில், முன்பு ஒருமுறை பொங்கி அடுப்பை அணைத்த அதே பாத்திரத்தை வைப்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

இந்தத் தடவை பெயர் 'பை ஜீவ்ஸ்'. பழைய பாட்டுகளில் கொஞ்சம்தான் மிச்சம். கதையையும் தலைகீழாக்கியிருந்தார். சர்ச் ஹாலில் பெர்ட்டியின் பாஞ்சோ கச்சேரி. பாஞ்சோவைக் காணோம். எங்கே போயிற்று என்று ஜீவ்ஸின் முகத்தைப் பார்த்தால் தெரியாது, அதனாலேயே தெரியும். இன்னொரு பாஞ்சோ வரும் வரை சபையைச் சமாளிக்க வேண்டும். 'ஐயா ஒரு கதை சொல்லலாமே' என்கிறார் ஜீவ்ஸ். அவ்வளவுதான். பெர்ட்டி சபையைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டான். கார் வேண்டுமென்றால் சோபாவும் அட்டைப் பெட்டியும். இருபது வருஷத்துக்கு முன் மேடையில் காணாமல் போனது பெர்ட்டியின் வாய், அது திரும்பி வந்தது. சபை சிரித்தது. லண்டனுக்குப் போயும் மாதக்கணக்கில் ஓடியது. 2001 அக்டோபரில் நியூயார்க்கில் 600 நாற்காலிகூட இல்லாத ஹெலன் ஹேஸ் தியேட்டருக்குப் போனது. இரட்டைக் கோபுரம் விழுந்து ஏழு வாரம் ஆகாத ஊரில், மாட்டுக் குவளைக் காலத்து மனிதர்களின் கவலைகளைப் பார்க்க 73 ஆட்டத்துக்கு ஆள் வந்தார்கள். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். 38-ஐவிட 73 பெரிது, அவ்வளவு.

டிம் ரைஸ் காரில் கேட்ட அந்த அம்மாளின் கதை 1978-இல் 'எவிட்டா'வாக லண்டனில் மேடையேறியது. இசை லாயிட் வெப்பர். டைரக்டர், ஆமாம், ஹால் பிரின்ஸ். எட்டு வருஷம் கழித்து, 1986 அக்டோபரில், லாயிட் வெப்பரும் பிரின்ஸும் சேர்ந்து ஜீவ்ஸ் 38 ஆட்டத்தில் படுத்த அதே ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டருக்குள் ஒரு சரவிளக்கோடும் முகமூடி போட்ட பேயோடும் நுழைந்தார்கள். 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா', கொரோனா மூடலைத் தவிர்த்து, அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டரை மணி நேரம்தான். பஸ் கிடைக்கும்.