திண்டிவனத்துக் கடலை

தம்பி, திண்டிவனத்தில் பாசஞ்சர் ஏறி விழுப்புரத்தில் இறங்கும் வரை உன் எதிரே உட்காரும் பாக்கியம் எனக்கு. "அண்ணே, இவகிட்ட எப்படித்தான் பேச்ச ஆரம்பிக்கிறது?" என்று நீயே போனை நீட்டினாய். மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன். உனக்குப் போய் நான் சொல்லித் தருவதா!

உன் ஊர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்தை டி.எம்.வி. என்று சுருக்கி வேர்க்கடலை ரகங்களுக்கே பெயராக வைத்திருக்கிறது. அந்த மண்ணில் பிறந்தவன் கடலை போடுவதில் குறை வைப்பானா? காலை எட்டுக்கு 'சாப்டியா', மதியம் ஒன்றரைக்கு 'சாப்டியா', ராத்திரி ஒன்பதுக்கு 'சாப்டியா'. நான்கு மாதமாக ஒரே விதை, ஒரே பாத்தி. முளைத்ததா என்று ஒருநாளாவது குனிந்து பார்த்திருப்பாயா? அப்படியொரு நம்பிக்கை. இட்லியா, உப்புமாவா என்றும் துருவியதில்லை. அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்காத குணம் எத்தனை பேருக்கு வரும்?

பூ விஷயத்தில் உன் தாராளம் இன்னும் பெரிது. இந்தப் பக்கத்துப் பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரில் உயிர்நீத்தவர் கபிலர். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். பாவம், அத்தனையையும் அவர் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. உனக்கு அந்தச் சிரமமே இல்லை. பெரியப்பா குடும்ப குரூப்பில் போட்ட பனித்துளி ரோஜாவை, இரட்டை அம்புக்குறியோடு அப்படியே தள்ளிவிடுகிறாய். காதலில் இவ்வளவு ஒளிவுமறைவு இல்லாதவனை நான் கண்டதில்லை.

அவள் போடும் பதில் 'ம்'. குறிஞ்சிப்பாட்டுக்கு உரை எழுத நச்சினார்க்கினியருக்கு 261 அடிகள் இருந்தன. உனக்கு ஒற்றெழுத்து ஒன்று போதும். மயிலம் வருவதற்குள் அதில் வெட்கத்தைக் கண்டாய், பேரணியில் சம்மதத்தை. விக்கிரவாண்டியில் மண்டபத்துக்கு முன்பணமே கொடுத்துவிட்டாய்.

வாட்ஸ்அப்காரன் 2014 நவம்பரில் நீல டிக்கைக் கொண்டுவந்ததிலிருந்து எத்தனையோ பேர் அதைப் பார்த்து மனம் உடைந்திருக்கிறார்கள். நீ உடைவாயா? நீலம் தெரிந்ததும் 'ஹலோ'. பிறகு 'பிஸியா'. பிறகு ஒரு சொல்லும் துணையில்லாமல் வெறும் '?'. அரை மணி கழித்து '???'. தவணை வசூலிக்க வருகிறவர்கள் உன்னிடம் வந்து பாடம் கேட்கலாம்.

ஜன்னலுக்கு வெளியேதான் எவ்வளவு இடைஞ்சல்! பண்டிகை நாளென்றால் விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஊரே வரிசை கட்டி நிற்கும். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகள். எதையாவது அவளுக்கு எழுதி நேரத்தை வீணாக்கினாயா? நிமிர்ந்தே பார்க்கவில்லையே!

நேற்று அவளே முதலில் எழுதியிருந்தாள்: 'பேரணிகிட்ட ட்ரெய்ன் நிக்குது. சரியான மழை. ஒரு தாத்தாவும் அவரு ஆடும் ஒரே தார்ப்பாய்க்குள்ள தலைய நீட்டிட்டு நிக்கறாங்க. சிரிப்ப அடக்க முடியல.'

வேறொரு சபலபுத்திக்காரனாக இருந்தால் அந்த ஆட்டைப் பிடித்துக்கொண்டே விழுப்புரம் ஜங்ஷன் வரை பேசியிருப்பான். நீ மணி பார்த்தாய். ஒன்றரை.

'சாப்டியா?'