நல்லூர்க் கொடியும் பாசையூர்க் கூழும்

எங்கள் மாமா தேயிலை ஸ்டோரில் தூள் சலிக்கும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீமேக்கர் ஐயா காலையில் கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியால் அள்ளி, 'சுர்ர்ர்' என்று உறிஞ்சி, நாக்கில் ஒரு சுற்றுச் சுற்றித் துப்புவதைப் பின்னால் நின்று பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். துப்புவதில் மட்டும் அவருக்குச் சம்மதமில்லை. மற்றபடி வாய்க்குள் போகிற எதையும் அந்த முறையில்தான் சோதிப்பார். கல்யாண வீட்டுப் பாயசம், கோயில் பஞ்சாமிர்தம், டிஸ்பென்சரி இருமல் மருந்து, எல்லாவற்றுக்கும் அதே 'சுர்ர்ர்'. பிறகு தீர்ப்பு வரும். நன்றாக இருந்தால் பி.ஓ.பி. சுமார் என்றால் பி.ஓ.பி.எஃப். வாயில் வைக்க முடியாவிட்டால் டஸ்ட். ஏலத்தில் டஸ்டுக்கும் நல்ல விலை கிடைப்பதுண்டு என்று யாராவது சொன்னால் அன்றைக்கு வீட்டில் பேச்சுவார்த்தை இருக்காது.

அத்தைக்கு ருசியைவிடக் கணக்குத்தான் பெரிது. கொழுந்து பறித்தவர். தோட்டத்தில் கேட்ட கிலோவை எடுத்தால் அன்றைக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அதனால் கடையில் எதைப் பார்த்தாலும் ரூபாயில் யோசிக்கமாட்டார். இந்தச் சேலை மூணு பேர், அந்தச் செருப்பு ஒண்ணரைப் பேர் என்பார். நாள் சம்பளத்தை ஆயிரம் ரூபாயாக்க வருடக்கணக்கில் கொடி பிடித்து, 2021இல்தான் அது கைக்கு வந்தது. ஆகையால் அத்தையின் கணக்கை எங்கள் வீட்டில் யாரும் கேலி செய்வதில்லை.

இந்த இரண்டு பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டுதான் ஆகஸ்டு லீவுக்கு யாழ்ப்பாணம் போனோம். ஏற்பாடெல்லாம் மாமா. நாள் குறித்தது அவர், வேன் பேசியது அவர், என்னென்ன தின்பது என்று பழைய செக்ரோல் தாளின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதியதும் அவர். நண்டு, இறால், கணவாய், ஐஸ்கிறீம், மறுபடி நண்டு.

எங்கள் ஊர் மீனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கும் மேலே இருக்கிறது. அந்த உயரத்துக்கு மீன் ஐஸ் பெட்டிக்குள் படுத்தபடிதான் வந்து சேரும். மோட்டார்சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு மீன்காரர் ஹார்ன் அடித்தபடி லயத்துப் பக்கம் வருவார். முன்னால் நாய், பின்னால் பூனை. ஈரச் சாக்கை விலக்கி ஒரு பலயாவைத் தூக்கிக் காட்டி, "இன்னைக்கு வந்த மீன் அக்கா" என்பார். பொய்யில்லை. ஹட்டனுக்கு வந்தது இன்றைக்குத்தான். செத்தது என்றைக்கு என்று அவரும் சொல்லமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம். செவுளைத் தூக்கிப் பார்ப்பது ஒரு சடங்கு. சிவப்பாக இருந்தாலும் வாங்குவோம், இல்லாவிட்டாலும் வாங்குவோம். மற்ற நாட்களில் டின்மீன் இருக்கிறது, சம்பலுக்கு நெத்தலி இருக்கிறது. 'கடலுணவு' என்ற சொல்லை மாமா பேப்பரில் பார்த்தது மட்டும்தான். அதுதான் பட்டியலில் நண்டு இரண்டு தடவை வந்ததன் ரகசியம்.

ஹட்டனில் ஏறும்போது மாமாவின் உடம்பில் பனியன், சட்டை, ஸ்வெட்டர், கோட். தலையில் குல்லா. மாத்தளையில் முத்துமாரியம்மனுக்குத் தேங்காய் உடைக்க இறங்கியபோது குல்லா கழன்றது. தம்புள்ளையில் கோட். மதவாச்சியில் ஸ்வெட்டர். வவுனியாவில் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக. ஆனையிறவு உப்புக்காற்று முகத்தில் அடித்தபோது மிச்சம் பனியன்தான். அத்தை மட்டும் ஸ்வெட்டரோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "கழட்டி வச்சா தொலைஞ்சு போயிரும்" என்பது அவர் கட்சி.

இதே பாதையில் எங்கள் ஆட்கள் முதன்முதலில் வந்தது எதிர்ப்பக்கமாக. கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளே நடந்து, தம்புள்ளை, மாத்தளை என்று மேலே ஏறினார்கள். வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். கடலைப் பற்றி அத்தையின் பூட்டி சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான்: தோணியில் ஏறினால் வாந்தி வரும். கடல் சம்பந்தமாக எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த தகவல் அவ்வளவே. சோற்றுப் பொட்டலமும் பாட்டு கேசட்டுமாக நாங்கள் அதே வழியில் கடலைப் பார்க்க இறங்கிக்கொண்டிருந்தோம்.

தங்கியது ஒரு மாஸ்டர் வீட்டில். ஹட்டனில் கணக்குப் படிப்பித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். மாமாவுக்குப் பழைய கூட்டாளி. "வாங்கோ, வாங்கோ" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். கால் முகம் கழுவி வந்ததும் வாழையிலை போட்டார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், முருங்கைக்காய், அப்பளம், ரசம். ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. மாமா எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு இலையை மடக்காமல் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஏதோ வரவேண்டும் என்ற பாவனையில் அடுப்படி வாசலைப் பார்த்தார். மாஸ்டரின் மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"நல்லூர்க் கொடி ஏறிட்டுதெல்லோ அண்ணை. மச்சச் சட்டியள் எல்லாம் கழுவிக் கவிட்டு வைச்சாச்சு. தீர்த்தம் முடியுமட்டும் வீட்டிலை சைவம்தான்."

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகள் பலவற்றில் மீன்சட்டி அடுப்பேறாது. இலங்கைத் தீவில் நண்டுக் கறிக்குப் பேர்போன ஊர், வருடத்தில் எந்த நாட்களில் நண்டைத் தொடாதோ, சரியாக அந்த நாட்களைப் பார்த்து மாமா வேன் பிடித்திருக்கிறார். பஞ்சாங்கம் பார்த்துத்தான் நாள் குறித்தாராம். அதில் பயணத்துக்கு நல்ல நாள் போட்டிருந்தது உண்மை. சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை.

சாயங்காலம் எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினோம். உள்ளே போக ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்றதும் மாமாவின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு வெளிச்சம். அத்தையின் முகம் அர்ச்சனைச் சீட்டு வாங்கும் இடத்தில் மலர்ந்தது. விலை ஒரு ரூபாய். அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை. "ஒரு ரூவாயா? பேருக்கு எத்தனை அர்ச்சனை வரும்னு கணக்குப் போடு" என்று என்னிடம் சொன்னார். போட்டுச் சொன்னேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் பெயருக்கும், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் உட்பட, அர்ச்சனை நடந்தது.

வெளியே வந்தால் சாமி கும்பிட்ட சனம் பாதி அப்படியே ரியோ ஐஸ்கிறீம் கடைக்குள் திரும்புகிறது. நெற்றியில் விபூதி, காதில் பூ, கையில் ஐஸ்கிறீம் கரண்டி. யாழ்ப்பாணத்துக்குப் போய் ரியோவில் ஏறாமல் வந்தவரை எங்கள் ஊரில் யாழ்ப்பாணம் போனவராகச் சேர்ப்பதில்லை.

ஐஸ்கிறீம் எங்களுக்குப் புதிதில்லை. கொழும்பில் ஐஸ் கம்பெனி தொடங்கியது 1866இல். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். இந்த நாட்டில் ஐஸும் தேயிலையும் கிட்டத்தட்ட ஒரே வயதுப் பிள்ளைகள். அந்த ஐஸ் கம்பெனிதான் பிறகு யானைப் படம் போட்ட ஐஸ்கிறீமாக எங்கள் கடைத்தெரு வரை வந்தது. ஆனால் நுவரெலியாவில் அதைத் தின்பவர்கள் வேறு ஆட்கள். ஏப்ரல் சீசனுக்கு வெயில் ஊர்களிலிருந்து பஸ் பஸ்ஸாக வருவார்கள். கவர்னர் கிரகரி 1873இல் கட்டுவித்த வாவிக்கரையில், வாடகைக் குதிரைக்குப் பக்கத்தில், அப்போதுதான் வாங்கிய கம்பளித் தொப்பியோடு பல் கிட்டித்து நின்று ஐஸ்கிறீம் சாப்பிடுவார்கள். ஆறாயிரம் அடிக்கு மேலே, ஊதினால் வாயிலிருந்து புகை வருகிற குளிரில். நாங்கள் பிளேன்டீக் கோப்பையைக் கைக்குள் பொத்திக்கொண்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். எங்கள் ஊரில் ஒரு கோன் வாங்கினால் கடைத்தெருவில் நாலு பேரிடம் சுகம் விசாரித்து, மேட்டில் ஏறி வீட்டுக்குப் போய்ச் சேருமட்டும் அது அப்படியே இருக்கும்.

ரியோவில் ஸ்பெஷல் சொன்னோம். உயரக் கண்ணாடிக் கிளாஸில் வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அடுக்கடுக்காக ஐஸ்கிறீம், இடையில் ஜெலி, உச்சியில் வேஃபர். அத்தை அதை நாலாபக்கமும் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று யோசித்து, வேஃபரைப் பத்திரமாக எடுத்துப் பேரப்பிள்ளைக்கென்று முந்தானையில் முடிந்து நிமிர்வதற்குள் மூன்று நிறமும் சேர்ந்து ஒரே நிறமாகிவிட்டது. ஹட்டன் கைப்பழக்கம் அங்கே செல்லாது. பக்கத்து மேசையில் ஐந்து வயதுப் பெண் பிள்ளை ஒன்று விளிம்பைச் சுற்றி வழித்து, ஒரு சொட்டுக் கீழே சிந்தாமல், நாங்கள் பாதி வருவதற்குள் முடித்துவிட்டு எங்களைப் பார்த்தது.

மாமா தன் கிளாஸை வேண்டுமென்றே தள்ளி வைத்திருந்தார். கட்டியாக இருப்பதை உறிஞ்ச முடியாதே. பதம் வந்ததும் கரண்டியில் அள்ளி வாயருகே கொண்டுபோனார். 'சுர்ர்ர்.'

கடையில் ஒரு நிமிடம் கரண்டிச் சத்தம் நின்றது. மாமா கண்ணை மூடி நாக்கில் சுற்றினார். "நல்ல கலர். லிக்கர் கொஞ்சம் லைட். ஆனா வாசம் இருக்கு" என்றார். கொஞ்சம் யோசித்து, "பி.ஓ.பி." என்று எழுதாத குறையாகத் தீர்ப்புச் சொன்னார். அத்தை கிளாஸைக் குடித்து முடித்து வாயைத் துடைத்தார். "அரைப்பேர் இருக்கும். குடுக்கலாம்."

மறுநாள் காலை காரைநகர் கசூரினா கடற்கரை. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. "இதுக்கு நம்ம தோட்டத்து ஆறே தேவலாம்" என்று மாமா திரும்பிவிட்டார். ஐஸ்கிறீமுக்குப் பிறகு பட்டியலில் ஒன்றும் அழிபடவில்லை என்ற கோபம் அது.

வழி காட்டியது ஓர் ஓட்டோக்காரத் தம்பி. "மச்சம் வேணுமெண்டால் பாசையூருக்குப் போங்கோ. அங்கை எல்லாம் வேதக்காரர். அந்தோனியாருக்குக் கொடி ஏறேல்லை." கத்தோலிக்க மீனவர் ஊர். நல்லூரிலிருந்து கூப்பிடு தூரம். மாமா அவரைக் கட்டிப்பிடிக்காததுதான் பாக்கி. சமைப்பதற்கும் அந்தத் தம்பியே தன் பெரியம்மா வீட்டில் ஏற்பாடு செய்து தந்தார்.

கரையில் வள்ளங்கள் வந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. வலையிலிருந்து நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தார் ஒருவர். முதுகில் புள்ளி, காலில் நீலம். அத்தை குனிந்து பார்த்தார். நண்டு கொடுக்கைத் தூக்கியது. அத்தை இரண்டடி பின்னால் குதித்தார்.

"ஐயையோ, இது இன்னும் சாகலயே!"

"உயிர் நண்டுதான் அம்மா. விடியத்தான் பட்டது."

அத்தைக்குத் திருப்தியில்லை. பக்கத்தில் குவித்திருந்த மீனைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார், என்னைத் தனியாக அழைத்தார். "ஒரு எடத்துலயும் ஐஸ் காணோம் பாத்தியா? ஐஸ் போடாத மீன வாங்காதீங்க, வயித்துக்கு ஆகாது." ஆயுள் முழுக்க மீனை ஐஸோடு பார்த்தவர். ஐஸ் இல்லாத மீன் அவருக்குச் சான்றிதழ் இல்லாத மீன். செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னார். இரத்தம் போல் சிவப்பு. அப்படி ஒரு சிவப்பை ஹட்டனில் பார்த்ததே இல்லையாதலால், சாயம் போட்டிருப்பார்கள் என்று முடிவுக்கு வந்துவிட்டார்.

பெரியம்மா நண்டைக் குழம்பு வைத்தார். வறுத்து இடித்த யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள், பழப்புளி, தேங்காய்ப்பால், இறக்கும்போது ஒரு கைப்பிடி முருங்கையிலை. அதைப் பற்றி நான் எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. பல்லுக்கும் ஓட்டுக்கும் இடையே நடந்தது அது. சொல்ல வேண்டியது கூழைப் பற்றித்தான். பட்டியலில் அது இல்லை. "மலையாலை வந்த பிள்ளையளுக்குக் கூழ் குடுக்காமல் விடுறதே" என்று பெரியம்மாவாகவே வைத்தது.

பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா. அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பு போக வடிக்க வேண்டும். பெரிய பானையில் மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, பயிற்றங்காய், கொஞ்சம் அரிசி. அவை வெந்து வரும்போது மீன் தலை, நண்டு, இறால், கணவாய். அரைத்த செத்தல் மிளகாய். புளி. கடைசியில் கரைத்த மா. கொதித்துத் தடித்து வரும்போது பானை 'பொளக் பொளக்' என்று பேசுகிறது. பனையோலையை மடித்துக் கோலிய பிளாவில் ஊற்றிக் கையில் தந்தார்கள். கரண்டி கிடையாது. வீட்டு ஆட்கள், பக்கத்து வீட்டு ஆட்கள், ஓட்டோக்காரத் தம்பி, எல்லோரும் முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து ஓலையை வாயில் வைத்தார்கள்.

'சுர்ர்ர்.'

முதலில் உறிஞ்சியது மாமா இல்லை. பெரியம்மா. அடுத்து அவர் மகன். அடுத்து முற்றம் முழுக்க. கூழைக் குடிக்க வேறு வழியும் இல்லை. கல்யாண வீடு தொடங்கிக் கோயில் வரை எங்கே உறிஞ்சினாலும் நாலு பேர் திரும்பிப் பார்த்த மனிதர், பிளாவைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். பிறகு கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்தார். அந்தச் சத்தத்துக்கு முற்றமே ஒரு கணம் ஓய்ந்தது. "அண்ணை பழக்கப்பட்ட ஆள் போலை" என்றார் பெரியம்மா, மரியாதையாக.

உறைப்பு இரண்டாவது பிளாவில்தான் தெரிந்தது. மூக்கு, கண், காது மூன்றிலும் தண்ணீர் வர மாமா எழுந்து நடக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் சைக்கிளில் ஐஸ்பழக்காரர் மணியடித்தார். ஒரு கையில் சிவப்பு ஐஸ்பழம், மறு கையில் மூன்றாவது பிளா. இதில் ஓர் இழுப்பு, அதில் ஒரு நக்கு. அத்தை கடைசியில் ஸ்வெட்டரைக் கழற்றினார். இது எத்தனை பேர் என்று பெரியம்மாவிடம் காசு கொடுக்கப் போனபோது, கூழுக்குக் காசு வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார். அத்தை அன்று பூராவும் கணக்குப் போட முடியாமல் தவித்தார்.

மாஸ்டர் வீட்டுக் கிணற்றடியில் எல்லோரும் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே போனோம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாஸ்டர் கதிரையை மாமாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"கூழுக்கு நண்டு உடைச்சுப் போட்டவையோ, முழுசாவோ?"

"உடைச்சு."

"பலாக்கொட்டை?"

"நெறைய."

"மீன் தலை?"

"ரெண்டு. பெருசு."

மாஸ்டர் கண்ணை மூடினார். "கடைசியிலை அடியிலை தடிப்பா ஒண்டு நிக்குமே, அது ஆருக்குக் கிடைச்சது?"

"எனக்கு."

"அங்கை என்ன கதை ரெண்டு பேரும்?" என்றார் மாஸ்டரின் மனைவி உள்ளேயிருந்து.

"தேர் எத்தினை மணிக்கு இழுக்கிறவை எண்டு அண்ணைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன்" என்றார் மாஸ்டர்.