ஒரு நாள் போதுமா?

சென்னையிலிருந்து மச்சினர் குடும்பம் வருகிறது. ஒரே நாளில் நெல்லையை முழுக்கப் பார்க்கணுமாம். வழி சொல்லுங்களேன்!
– வாசகர், தச்சநல்லூர்.

நெல்லை ஒரே நாளில் அறுத்துவிடலாம் அண்ணாச்சி, நெல்லையை முடியுமா?

மூன்றே இடம் போதும். காலையில் நெல்லையப்பர் கோவில். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், சீக்கிரம் கிளம்புங்கள். மணி மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய தூண் கொத்துகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தட்டினால் கல் சுரம் பேசும். நடராஜர் ஆடிய ஐந்து சபைகளில் தாமிர சபையும் அங்கேதான்.

வெயில் தாழ்ந்ததும் சுலோசன முதலியார் பாலத்துக்கு வாருங்கள். முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டி, 1843-ல் திறந்த பாலம். அதற்கு முன்னால் பாளையங்கோட்டைக்குப் போக ஆற்றைப் படகில்தான் கடக்க வேண்டும். பாலத்தில் நின்று ஐந்து நிமிஷம் தாமிரபரணியைப் பாருங்கள். ஊர்ச் சாக்கடை அதில் கலக்கிற கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள். விருந்தாளிக்கு ஆற்றைக் காட்டுகிற நமக்கு அதைக் காப்பாற்றுகிற கடனும் உண்டு.

அல்வாவுக்கு இருட்டுக்கடையா? சாயங்காலம்தான் திறப்பார்கள். சூட்டோடு வாங்கி, விரலில் நெய் வழிய அங்கேயே நின்று சாப்பிடச் சொல்லுங்கள். மச்சினர் அடுத்த தடவை இரண்டு நாள் லீவு போட்டு வருவார்!